தோள்பட்டை வலிக்கு அந்த நீல நிற டேப்: எப்படி ஒட்டுவது, உண்மையில் பயன் இருக்கிறதா?

வட்டவளை வளைவு கேட்கிறார்:

ஹட்டனுக்கும் கண்டிக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் நடத்துநராக இருக்கிறேன். வயது 43. இடது கைவிரல்களுக்கு இடையில் மடித்த தாள் காசு, வலது கை மேலே கம்பியில். இதுதான் என் தொழில். வட்டவளையிலிருந்து கினிகத்தேனை வரைக்கும் இருக்கிற வளைவுகளில் கம்பியை விட்டால் யாராவது ஒரு அம்மாவின் மடியில்தான் போய் விழ வேண்டும். ஆகவே நாள் முழுக்க வலது கை தலைக்கு மேலேயே இருக்கும்.

வலி வலது தோளின் வெளிப்பக்கம், சட்டைக் கை தைத்திருக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி உயரத்தில் சுருக்கென்று பிடிக்கிறது. அதைத் தாண்டி மேலே போய்விட்டால் குறைந்துவிடுகிறது. கம்பியைச் சும்மா பிடித்திருப்பது கூடப் பரவாயில்லை. டிரைவர் திடீரென்று பிரேக் போடும்போது ஒரு இழுவை வருமே, அதில்தான் உயிர் போகிறது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை.

அக்காவின் மகள் பாடசாலை வொலிபோல் அணியில் ஆடுகிறாள். விளையாட்டுக்காரர்கள் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் நீல நிற டேப் அவளிடம் இருந்தது. அதை வெட்டி, "மாமா, சட்டையைக் கழற்றுங்கள்" என்று சொல்லி இரண்டு துண்டு ஒட்டிவிட்டாள். காலை முதல் ஓட்டம் சுகமாகப் போனது. திரும்பி வரும்போது நாவலப்பிட்டி நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குள் ஏதோ ஊர்வது போல் இருந்தது. அட்டை என்று நினைத்துத் துள்ளிவிட்டேன். பார்த்தால் டேப்பின் முனை கழன்று சுருண்டு தொங்குகிறது. மாலைக்குள் முழுவதும் போய்விட்டது, வலியும் பழையபடி வந்துவிட்டது.

என் டிரைவர் இதை விளையாட்டுக்காரர்கள் டெலிவிஷனுக்காக ஒட்டிக்கொள்ளும் அலங்காரம் என்கிறார். மருந்தே இல்லாத ஒரு துணி எப்படி வலியைக் குறைக்கும் என்று எனக்கும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் காலைப் பொழுது குறைந்தது உண்மை. சரியாக ஒட்டினால் நிற்குமா? எந்தத் திசையில் ஒட்ட வேண்டும்? முதல்நாள் இரவு கோடாலித் தைலம் தேய்த்திருந்தேன், அதனால் கழன்றிருக்குமா? லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். பஸ் ஓடினால்தான் எனக்குச் சம்பளம்.

படங்கு எழுதுகிறார்:

அண்ணா, தைலம்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். எங்கள் அம்மா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவருக்கும் தோள் வலி. நான் பார்மசியில் வெள்ளை நிற பிளாஸ்டர் ஒன்றை வாங்கி, இதுவும் அதுதானே என்று ஒட்டிவிட்டேன். ஒட்டியது நன்றாகத்தான் ஒட்டியது, கையைத்தான் தூக்க முடியவில்லை. அடுத்த நாள் மழைக்குள் மலையில் நின்றுவிட்டு வந்தார். பிளாஸ்டரை உரித்தபோது தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. அம்மா அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நீல நிறம் வேறு, வெள்ளை நிறம் வேறு என்று யாராவது விளக்கினால் எனக்கும் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற டிஸ்பென்சர் எழுதுகிறார்:

தம்பி, தோட்டத்து டிஸ்பென்சரியில் காலம் கழித்தவன் நான். தோள் வலி என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது தைலம், அடுத்தது ஊசி. இப்போது டேப் என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. நான் கேட்பது வேறு. உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா? கடைசியாக எப்போது இரத்தம் பரிசோதித்தீர்கள்? சீனி கூடியவர்களுக்குத் தோள் மெல்ல மெல்ல இறுகிப்போகும். அதற்கு மேலே என்ன நிறத்தில் துணி ஒட்டினாலும் அது திறக்காது.

இன்னொன்று. உங்களுக்கு வலது தோள், சரி. இதை வாசிக்கிற வேறு யாருக்காவது இடது தோளில் வலி வந்து, நெஞ்சு அழுத்தி, வியர்த்து, மூச்சு வாங்கினால் டேப்பும் தேட வேண்டாம், தைலமும் தேட வேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் காசு கேட்காது. "தோள்தானே" என்று காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி இப்போது எழுத மனமில்லை.

டேப்பைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தோள்மூட்டு எழுதுகிறார்:

நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில். ஆகவே கம்பியைப் பிடிக்கிற தோளும் கொழுந்துச் சாக்கைச் சுமக்கிற தோளும் எனக்குப் புதிதல்ல. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிஸ்பென்சர் ஐயா சொன்னது சரி. ஒட்டுவதற்கு முன் எது வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். வட்டவளை அண்ணா, கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 60 பாகையில் தொடங்கி 120 பாகை வரை வலித்து, அதற்கு மேலே குறைந்தால், தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளில் ஒன்றின் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) நசுங்கி எரிச்சலடைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அது தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பிலிருந்து வந்து கை எலும்பின் தலையில் பிடிக்கும் நாண். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள், இரவு சரிந்து படுக்க முடியாதது உட்பட, அதோடுதான் பொருந்துகின்றன.

அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். பிறகு அதே அசைவை அக்காவின் மகள் பிடித்துத் திருப்பட்டும். உங்களாலும் முடியாமல், அவள் திருப்பினாலும் நகராமல் நின்றால் அது இறுகிய தோள். வலி முழங்கைக்குக் கீழே இறங்கி விரல்கள் விறைத்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும். விழுந்து, அடுத்த நாளிலிருந்து கையே தூக்க முடியாமல் போனால் நாண் கிழிந்திருக்கலாம், டொக்டரிடம் போய்விட வேண்டும். இந்த மூன்றுக்கும் டேப் பதில் அல்ல.

உங்கள் டிரைவருக்கு ஒரு பதில். அலங்காரம் என்று அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கினிசியோ டேப் எனப்படும் இதை 1970களில் உருவாக்கியவர் கென்சோ காசே என்ற ஜப்பானியர். உலகம் கவனித்தது 2008 பீஜிங் ஒலிம்பிக்கில். அமெரிக்காவின் கடற்கரை வொலிபோல் வீராங்கனை கெரி வால்ஷ் தோளில் கறுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டு ஆடினார், தங்கமும் வென்றார். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் அது தேவைப்பட்டது. பருத்தித் துணி, அதற்குள் இழுபடும் நூல், பின்பக்கம் அக்ரிலிக் பசை, அவ்வளவுதான். மருந்து கிடையாது. நிறத்திற்கும் ஒரு குணமும் கிடையாது. நீலம் குளிர்ச்சி, சிவப்பு சூடு என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு உங்களுக்குப் பிடித்த நிறத்தை வாங்குங்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 2008இல் தோள் வலியுள்ள 42 கல்லூரி மாணவர்களுக்குப் பாதிப் பேருக்கு முறையாகவும் மீதிப் பேருக்குப் போலியாகவும் ஒட்டிப் பார்த்தார்கள். முறையாக ஒட்டியவர்களுக்கு ஒட்டிய உடனே வலியில்லாமல் கை கொஞ்சம் கூடுதலாக உயர்ந்தது. நாட்கள் போனபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசமில்லை. 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு இதே தோள் நாண் நோய்க்கு நடந்த 23 ஆய்வுகளை, மொத்தம் 1054 பேர், சேர்த்துப் பார்த்தது. போலியாக ஒட்டியதைவிட உண்மையாக ஒட்டியதில் பெரிய நன்மை இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே முடித்தார்கள்.

அப்படியானால் உங்கள் காலை ஓட்டம் ஏன் சுகமாகப் போனது? தோலை இழுத்துப் பிடிக்கும் அந்த உணர்வு நரம்பு வழியே போய், வலிச் செய்தியைக் கொஞ்சம் மறைக்கிறது என்பது ஒரு விளக்கம். தோளைத் தப்பாகத் தூக்கும்போது டேப் இழுத்து ஞாபகப்படுத்துவதும் காரணமாக இருக்கலாம். ஒட்டினால் குணமாகும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு. எதுவாக இருந்தாலும் நாண் ஆறவில்லை. நான் நோயாளிகளுக்கு ஒட்டுவது ஒரே காரணத்திற்காக. வலி குறைந்திருக்கும் அந்த நேரத்தில் பயிற்சி செய்ய வைக்கலாம். டேப்பை ஒட்டிக்கொண்டு முன்னைவிடக் கூடுதலாகக் கம்பியில் தொங்குவதென்றால், ஒட்டாமலே இருப்பது நல்லது.

இனி ஒட்டும் முறை. அந்த இடத்தில் இரண்டு நாளாவது தைலம், எண்ணெய், பவுடர் எதுவும் படக்கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். ரோமம் அடர்ந்திருந்தால் முதல்நாளே கத்தரித்துவிடுங்கள். சவரம் செய்த கையோடு ஒட்டினால் எரியும். முழுத் துண்டையும் ஒட்டுவதற்கு முன் சின்னத் துண்டொன்றை முன்கையின் உட்பக்கம் ஒரு நாள் ஒட்டி வைத்துப் பாருங்கள். சிவந்து அரித்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

டேப் 5 சென்டிமீட்டர் அகலம். ஏறத்தாழ ஒரு சாண் நீளத்திற்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, நான்கு விரல் அகலத்தை அப்படியே விட்டு மீதியை நடுவால் பிளந்து இரண்டு வாலாக்குங்கள். மூலைகளை எல்லாம் வட்டமாகக் கத்தரியுங்கள். உங்கள் டேப் சட்டையில் சிக்கிச் சுருண்டதற்குக் கூரான மூலையும் ஒரு காரணம். மேற்கையின் வெளிப்பக்கம், தோள் சதை முடிந்து ஒடுங்கும் இடத்தில் அடிப்பகுதியை இழுக்காமல் ஒட்ட வேண்டும். கையைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் முன் வாலைத் தோளின் முன்பக்க வளைவில் மேலே ஏற்றுங்கள். பிறகு கையை முன்னால் கொண்டுவந்து எதிர்த்தோளைத் தொட்டபடி பின் வாலைப் பின்பக்க வளைவில் ஏற்றுங்கள். இரண்டும் தோளின் உச்சியில் சந்திக்கும். வால்களில் மிக லேசான இழுவை போதும், முனைகளில் இழுவையே கூடாது. இதில் தவறினால்தான் முனை கழலும்.

இரண்டாவது துண்டு பிளக்காமல். தோளின் வெளிமுனையில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் மேல் உள்மூலையை நோக்கி. ஒட்டும்போது வலது கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், தலை இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இதை நீங்களே ஒட்ட முடியாது. அக்காவின் மகளிடம் கொடுங்கள், அவள் கை பழகிய கை. முன்பக்கமிருந்து பின்பக்கம் பலமாக இழுத்து ஒட்டும் இன்னொரு துண்டு உண்டு. வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். கொப்புளம் வருவது பெரும்பாலும் பலமாக இழுத்து ஒட்டுவதால்தான்.

ஒட்டியபின் உள்ளங்கையால் நன்றாகத் தேயுங்கள், அந்தப் பசைக்குச் சூடு வேண்டும். வேலைக்குப் போக ஒரு மணி நேரமாவது முன்னர் ஒட்டுங்கள். ஹட்டன் குளிரில் விடியற்காலை நடுங்கிக்கொண்டு ஒட்டிவிட்டு உடனே ஓடினால் நிற்காது. சரியாக ஒட்டினால் மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் வரை இருக்கும். குளிக்கலாம், துவாயால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. கழற்றும்போது தேங்காய் எண்ணெய் பூசி ஊறவிட்டு, ரோமம் படிந்த திசையில், டேப்பை மேலே பிய்க்காமல் தோலைக் கீழே அழுத்தி மெல்ல உரியுங்கள். காயம், புண், கொப்புளம் உள்ள இடத்தில் ஒட்டவே கூடாது.

படங்கு தங்கச்சி, நீங்கள் வாங்கிய வெள்ளை பிளாஸ்டர் இழுபடாது. மூட்டை அசையாமல் பிடிப்பதற்கும் கட்டுத் துணி நிற்பதற்கும் உள்ளது அது. அம்மாவின் கை தூக்க முடியாமல் போனது அதனால்தான்.

வட்டவளை வளைவு எழுதுகிறார்:

மிக்க நன்றி. சோதனைகளைச் செய்து பார்த்தேன். பக்கவாட்டில் தூக்கினால் நீங்கள் சொன்ன அதே இடைவெளியில்தான் பிடிக்கிறது. வெளிப்பக்கம் திருப்புவது சரளமாக வருகிறது, விரல் விறைப்பு இல்லை. ஐயா, சீனி பரிசோதித்தது நினைவில்லை. அடுத்த லீவு நாளில் வெறும் வயிற்றில் போகிறேன்.

நீங்கள் சொன்ன பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். சில்லறைக் காசுப் பை வலது தோளில்தான் தொங்குகிறது. டேப் கழன்ற இடமும் பையின் வார் உரசும் இடமும் ஒன்று. பையை மாற்றினால் போதுமா, கம்பியையும் விட வேண்டுமா? விட்டால் எதைப் பிடிப்பது? பயிற்சி என்றீர்களே, அது என்ன? பஸ்ஸுக்குள் செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது.

தோள்மூட்டு எழுதுகிறார்:

பையை இடுப்பில் கட்டுங்கள். ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு வலியை மாற்றுவதில் இலாபம் இல்லை. மேல் கம்பியைவிட இருக்கையின் முதுகில் இருக்கும் பிடியோ, கதவருகில் நிற்கும் செங்குத்துக் கம்பியோ நல்லது. கை தோள் உயரத்திற்குக் கீழே, முழங்கை உடலுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், அது போதும். வட்டவளையிலிருந்து கினிகத்தேனை வரை டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு ஓரிடத்தில் சாய்ந்து நில்லுங்கள். ஹட்டனில் நிறுத்தி வைத்திருக்கும்போதே காசு எடுக்கத் தொடங்கினால் அது நடக்கும். கைகளை மாற்றியும் பழகுங்கள். இடது கையால் கம்பி, வலது கையில் காசு. முதலில் சில்லறை தவறும், பயணிகள் முணுமுணுப்பார்கள்.

பயிற்சிக்குப் பழைய சைக்கிள் டியூப் ஒன்று போதும். அதைக் கதவுப் பிடியில் கட்டுங்கள். வலது முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் ஒரு சின்னத் துவாயை மடித்து வையுங்கள். முழங்கையை நகர்த்தாமல் முன்கையால் டியூபை வெளிப்பக்கம் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாகத் திரும்ப விடுங்கள். பத்துப் பதினைந்து முறை, சற்று ஓய்வு, மறுபடி. துவாய் விழுந்தால் தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். பிறகு டியூபை முன்னால் கட்டி இரண்டு கையாலும் பின்னோக்கி இழுத்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் நெருக்குங்கள். லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். பஸ்ஸுக்குள் செய்ய இரண்டாவதை டியூப் இல்லாமல் செய்யலாம், நிற்கும் இடத்தில் தோள்பட்டைகளைப் பின்னால் நெருக்கி விடுவதுதான். பார்க்கிறவர்கள் நீங்கள் பெருமூச்சு விடுவதாக நினைப்பார்கள்.

இதற்குப் பலன் தெரிய வாரக்கணக்கு ஆகும். மூன்று மாதம் வரை தொடர்ந்து செய்யச் சொல்வது வழக்கம். டேப்பை முதல் சில வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால் டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

ஓய்வுபெற்ற டிஸ்பென்சர் எழுதுகிறார்:

சைக்கிள் டியூப் யோசனை பிடித்திருக்கிறது மகள். டேப் ரோல் வாங்கும் காசு மிச்சம் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

படங்கு எழுதுகிறார்:

அக்கா, அம்மாவுக்கு அந்தத் திருப்பும் சோதனையைச் செய்து பார்த்தேன். இடது தோள். அவராலும் முடியவில்லை, நான் பிடித்துத் திருப்பினாலும் நகரவில்லை. தலை பின்னவும் ரவிக்கைக் கொக்கி மாட்டவும் தங்கச்சியைத்தான் கூப்பிடுகிறார். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் ஒன்றும் இல்லை. சீனிக்கு மாதாந்தக் கிளினிக் போகிறார். கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்துவிடும் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். உண்மையான நீல டேப் வாங்கி ஒட்டட்டுமா?

தோள்மூட்டு எழுதுகிறார்:

வாங்க வேண்டாம் தங்கச்சி. நீங்கள் சொல்வது இறுகிய தோள் போலிருக்கிறது, சீனி உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வரும். அங்கே மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கியிருக்கும், தோலுக்கு மேலே ஒட்டுவது அதை எட்டாது. அடுத்த கிளினிக் நாளில் சீனியோடு தோளையும் சொல்லச் சொல்லுங்கள். "கை வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் பனடோலோடு அனுப்பிவிடலாம். தலை பின்ன முடியவில்லை, கொக்கி மாட்ட முடியவில்லை என்று நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே சொல்ல வேண்டும். கூடவே நீங்களும் போனால் நல்லது.

அதுவரைக்கும், முன்னால் குனிந்து வலது கையை மேசையில் ஊன்றி, இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டலாம், சின்ன வட்டமாகச் சுற்றலாம். யாரும் பிடித்து இழுத்துத் திறக்கப் பார்க்க வேண்டாம், சுளுக்கு வழிப்பவரிடமும் போக வேண்டாம். சாக்கின் பாரத்தை வலது பக்கம் மாற்றி, நிரம்பும்வரை காத்திருக்காமல் இடையில் கொட்ட முடியுமா என்று கங்காணியிடம் நீங்கள் ஒரு வார்த்தை கதைத்துப் பாருங்கள். டொக்டர் தோளுக்குள் ஊசி போடலாம் என்றால், போடுவதற்கு முன் கிளினிக் புத்தகத்தைக் காட்டுங்கள். அது பெரும்பாலும் ஸ்டீரொயிட் ஊசியாக இருக்கும், சில நாட்களுக்குச் சீனியை ஏற்றிவிடும். அந்த நாட்களில் எத்தனை முறை சீனி பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.